முழங்கை மடிப்பில் ஒரு துடிப்பு

உனக்கு,

இன்று காலை கிளினிக்கில் மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் நனைத்தேன். ஈரச் சுண்ணாம்பு போன்ற அந்த வாசனை எழுந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. சைக்கிளிலிருந்து விழுந்து முன்கை எலும்பில் விரிசல் கண்ட ஒரு சிறுமிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய தாய் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அந்த டாக்டரு கட்னா கை கோணவே கோணாது சார். நீங்களும் அது மாதிரியே கட்டிடுவீங்க இல்ல?"

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த ஊரில் எனக்கு இன்னமும் இரண்டாம் இடம்தான்.

உன் மேல் எனக்குப் பொறாமை. இதை உன்னிடம் சொன்னதில்லை. சொல்லாமலே உனக்குத் தெரிந்திருக்கும். அது சென்னையில் மருத்துவம் படித்த அறுபதுகளிலேயே தொடங்கியது. நான் வாலாஜாபாத் ரைஸ் மில்காரர் மகன். நீ முசரவாக்கத்தில் ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளை. ஒரே அறை, இருவருக்கும் சேர்த்து வாங்கிய ஒரே எலும்புப் பெட்டி. முன்கைப் பாடம் என்றாலே எனக்குப் பயம். அந்தச் சின்ன இடத்தில் அத்தனை தசைகள், நாக்கில் நிற்காத பெயர்கள். நான் அறைக்குள் நடந்து நடந்து உருப்போடுவேன். நீ கட்டிலில் மல்லாந்தபடி முன்கையின் இரண்டு எலும்புகளையும் உன் கையோடு சேர்த்துப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாய்.

"இந்த அல்னா உக்காந்த எடத்துலயே உக்காந்துக்கினு இருக்குது. ரேடியஸ்தான் அது மேல பொரண்டு படுக்குது. உள்ளங்கை மேல பாத்தா தீர்த்தம் வாங்கற கை, கீழ பாத்தா கவுத்துட்ட கை. அவ்ளோதான்பா விஷயம்."

அவ்வளவுதான் விஷயம் என்று உன்னால் சொல்ல முடிந்தது. பரீட்சையில் நான் ஒரு பெயர் விடாமல் எழுதினேன். பதக்கம் உனக்குக் கிடைத்தது. உள்ளங்கை எரிய எரியக் கை தட்டினேன்.

படிப்பு முடிந்து இருவரும் காஞ்சிபுரத்திலேயே கிளினிக் வைத்தோம். இரண்டுக்கும் நடுவே ஒரு தெருதான். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கை வெளிப்பக்கம் வலிக்கிறது, சொம்பைத் தூக்கினால் கை விட்டுவிடுகிறது என்று நெசவாளர்கள் வருவார்கள். மணிக்கட்டை மேலே தூக்குகிற தசைகளெல்லாம் முழங்கையின் வெளிக்குமிழில்தான் வந்து பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்தப் பிடிப்பு நைந்துபோகும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் கொடுத்தது ஒரே மாத்திரை, சொன்னது ஒரே ஓய்வு. ஆனால் நீ அந்தக் குமிழை விரலால் அழுத்தி, அவர்கள் "அய்யோ" என்று கத்தியதும் சிரிப்பாய். "வெள்ளக்காரனுக்கு டென்னிஸ் ஆடி வர்ற வலி இது. உனக்குத் தறி ஆடி வந்துக்கீது. நீயும் தொரைதான் போ!" என்பாய். வலியோடு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். என்னிடம் வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த முறை உன்னிடம் போனார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது எழுபதுகளில் ஒரு வைகாசியில் நடந்தது.

கருட சேவை நாள். மாகறலில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு ஊருக்குள் நுழைகிறேன், கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. என் கம்பவுண்டர் எதிரே ஓடி வந்தான்.

"சார், வசந்தி பாப்பா சாமி பாக்க மதில் மேல ஏறி வுழுந்துடுச்சி சார். கை ஒடஞ்சிக்கீது. அம்மா அந்த டாக்டராண்ட இட்டுக்கினு போயிட்டாங்க."

என் மகள். என் மனைவி என் கிளினிக் வாசலைத் தாண்டித்தான் உன்னிடம் போயிருக்க வேண்டும். நடுத்தெருவில், மகளுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயத்துக்கு நடுவிலும் அந்தக் கணக்கு மனதில் ஓடியது.

நீ அவளை மேசையில் படுக்கவைத்திருந்தாய். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, கீழ்த்துண்டு பின்னால் தள்ளிப்போயிருந்தது. விழும்போது கையை ஊன்றும் குழந்தைகளுக்கு வருகிற முறிவு. வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நீ நகர்ந்து இடம் விட்டாய். "நீ பாக்கறியா?" என்றாய்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இல்லை. விரல்கள் வெளுத்து, ஐஸ் மாதிரி இருந்தன. முறிந்த எலும்பின் முனை முன்பக்கம் ஓடும் ரத்தக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் முன்கைத் தசை முழுவதும் செத்து, விரல்கள் கொக்கி போல மடங்கி நின்றுவிடும். பாடமாகப் படித்ததெல்லாம் வரி மாறாமல் மனதில் வந்தது. கை மட்டும் வரவில்லை.

"மெட்ராஸ் கொண்டுபோயிடலாம்" என்றேன்.

"கொண்டுபோவலாம். அதுக்கு முன்னாடி ரத்தம் ஓடணும்பா. இழுக்கறியா, நான் இழுக்கட்டுமா?"

நான் ஓரடி விலகி நின்றேன். நீ ஒரு ஊசி போட்டுவிட்டு, அவள் கையைச் சற்றே மடக்கிய நிலையில் மெல்ல, ஒரே சீராக இழுத்தாய். அவள் வீறிட்டாள். ஏதோ நழுவி அமர்ந்தது. "இப்ப புடிச்சிப் பாரு" என்றாய். என் விரலடியில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு நூல் அதிர்வதுபோல ஒரு துடிப்பு. பின்னாலேயே இன்னொன்று. வெளுத்திருந்த விரல் நுனிகளில் சிவப்பு ஊறியது.

முழுக்கட்டுப் போடாமல், வீங்க இடம் விட்டு, பின்பக்கம் மட்டும் மாவுக்கட்டைத் தாங்கலாக வைத்துக் கட்டினாய். டாக்ஸியில் சென்னை போகும் வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது. மணிக்கட்டு உன் விரலில் இருந்தது. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை நீ. "மாமா, கை செத்துப்போயிடுமா?" என்று அவள் கேட்டது உன்னைத்தான். "என் வெரல் மேல ஜம்முனு குதிக்குதும்மா. செத்தது குதிக்குமா?" என்றாய். அந்த வலியிலும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. பாதி நன்றி. மீதி என்னவென்று உனக்குத் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துச் சரிசெய்தார்கள். கை கோணாமல் கூடியது. வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் மனைவியிடம் கேட்டுவிட்டேன்: "நம்ம கிளினிக்ல ஏன் ஒக்காரல? நான் வந்துக்கினு இருந்தேன் இல்ல?"

அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "நீங்க அவளுக்கு அப்பாங்க. அவரு டாக்டரு."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு என் வீட்டில் உன் பேரைச் சொல்லாத நாள் இல்லை. வசந்தி உன்னைக் 'கை மாமா' என்றாள். மருத்துவம் படித்தாள். எலும்பு அறுவையைத் தேர்ந்தெடுத்தாள். பட்டம் வாங்கி வந்த அன்று, பெட்டியைக்கூடத் திறக்காமல் உன்னிடம் ஆசி வாங்க ஓடினாள். நான் வாசலில் அவள் செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் கடைசி மாதங்களில், ஊசி குத்திக் குத்தி உன் நாளங்களெல்லாம் ஒளிந்துகொண்டுவிட்டன. ஒருநாள் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த வசந்தி சிரிஞ்சோடு உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ கையை இழுத்துக்கொண்டாய்.

"நீ இரும்மா. உங்கப்பா குத்தட்டும்."

"தெனமும் நான் குத்தற ஊசி மாமா. அப்பாவுக்குக் கண்ணே சரியா தெரியல."

"அவனுக்குக் கண்ணு எதுக்கும்மா? வெரல் போதும்."

விரலை உன் முழங்கை மடிப்பில் வைத்தேன். ஆழத்தில் தமனி துடித்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, வெளிப்பக்கமாக, மெலிந்துபோன ஒரு நாளம் தட்டுப்பட்டது. முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. "வலிக்கவே இல்லடா" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

நிமிர்ந்தேன். காலி கையோடு எழுந்து நின்ற வசந்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்கு அன்னியமானதல்ல. எத்தனை வருடம் அதே கண்களோடு உன்னைப் பார்த்திருக்கிறேன்! பஞ்சை எடுத்து நீட்டினாள். வாங்கி உன் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் நின்ற பிறகும் எடுக்கவில்லை.

உன்னைப் பற்றி ஊரே பேசுகிறது. என் வீட்டிலும் பேசுகிறார்கள். அந்தக் குழந்தையின் தாய் இன்று பேசினாள், நாளை வேறு யாராவது பேசுவார்கள். பேசட்டும். எனக்கு எரியத்தான் செய்யும். ஆனால் கடைசியில் நீ கேட்டது என் கையை. அதை மட்டும் நான் யாருக்கும் பங்கு தர மாட்டேன், என் மகளுக்குக்கூட.