எஞ்சினைப் பிரித்த பிறகு

மெல்ஃபர்ட்,
நவம்பர் 9

அன்புள்ள வெர்னா,

ரெஜைனாவில் உன் அக்கா வீடு வசதியாக இருக்கிறதா? நீ விட்டுப்போன காரைப் பார்த்தேன். ஆயில் குடிக்கிறது, இழுவை இல்லை. எஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டேன். ரிங் மட்டும் மாற்றினால் ஒரு வருஷம் ஓடும். வண்டி உடைக்கும் யார்டில் வேறு எஞ்சின் வாங்கிப் பூட்டலாம். அல்லது சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, இதையே புதுப்பிக்கலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கொஞ்சம் நாளாகும். அதற்குள் ஒருமுறை வந்து பாரேன்.

ஒரெஸ்ட்

ரெஜைனா,
நவம்பர் 20

அன்புள்ள ஒரெஸ்ட்,

வேறு எஞ்சினைப் பூட்டிவிடு. ஆஸ்பத்திரியில் எனக்குக் காலை ஷிஃப்ட். இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். தெருவெல்லாம் கார்கள், ராக்குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் வீட்டுக் கரண்ட்டிலிருந்து ஹீட்டர் ஒயர் செருகியிருக்கிறது. பழையது புதுசாகும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. நம் விஷயத்திலும் அந்தப் பொறுமை தீர்ந்துதான் கிளம்பினேன்.

ஒழுங்காகச் சாப்பிடு. ஃப்ரீசரில் நான் செய்துவைத்த பெரோகிக் கொழுக்கட்டை இருக்கிறது.

வெர்னா

மெல்ஃபர்ட்,
டிசம்பர் 14

அன்புள்ள வெர்னா,

யார்டு எஞ்சினை எவன் எப்படி ஓட்டினானோ. இதன் சத்தமெல்லாம் எனக்குத் தெரியும். எஞ்சின் பிளாக் இப்போது லேத் பட்டறைக்கார லைலிடம் இருக்கிறது. அளவெடுக்கிறார். இன்னும் கொஞ்சம் பொறு.

பெரோகியில் கடைசிப் பையைச் சாப்பிடாமல் வைத்திருக்கிறேன்.

ஒரெஸ்ட்

ரெஜைனா,
ஜனவரி 8

ஒரெஸ்ட்,

லைலுக்குப் போன் செய்தேன். "பிளாக்கு கிராக் விட்டிருக்கும்மா. கடைஞ்சாத் தாங்காதுன்னு நவம்பர்லயே உம் புருஷங்கிட்ட சொல்லிட்டேனே" என்றார். உள்ளே தண்ணீர் உறைந்து வெடித்ததாம். கோடையில், குளிரில் உறையாத கூலன்ட் குறைந்தபோது குழாய்த் தண்ணீரை ஊற்றியவள் நான்.

என் தவறை மறைத்தாயே என்று முதலில் நெகிழ்ந்தேன். பிறகு இரண்டு மாதமாக நான் இருட்டில் நிற்கும் பஸ் நிறுத்தம் நினைவுக்கு வந்தது. எஞ்சின் பிரிந்து கிடக்கும்வரை நான் எழுதிக்கொண்டிருப்பேன், இல்லையா?

வேறு கார் வாங்கிவிட்டேன். பழையதை யார்டுக்குக் கொடுத்துவிடு. இனி எழுத ஒன்றுமில்லை.

வெர்னா

மெல்ஃபர்ட்,
ஜனவரி 21

அன்புள்ள வெர்னா,

இன்று உன் காரை இழுத்துப்போனார்கள். சங்கிலி மாட்ட வந்தவன் முன்பக்கத்தில் தொங்கிய ஹீட்டர் ஒயரைப் பார்த்தான். அது சுவர்வரை போய், பிளக்கில் செருகியிருந்தது.

"எஞ்சினே இல்லாத காருக்கு எதுக்குய்யா கரண்ட்டு?"

மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை. நீ காலையில் கிளம்பவேண்டுமே என்று படுக்கப்போகுமுன் செருகுவேனே, அப்படியே நீ போன பிறகும் தினமும் செருகினேன்.

அவன் சிரிக்கவில்லை. ஒயரைப் பிடுங்கி, பனியைத் தட்டிச் சுருட்டி, என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒரெஸ்ட்