சத்தம் குறைந்த ஜெனரேட்டரும் டெல்மர் சித்தப்பாவின் காலும்

ஹால்வர் முனை, மினசோட்டா
பிப்ரவரி 11

அன்பு மகள் கொரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் டெல்மர் சித்தப்பா ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நீயும் மாப்பிள்ளையும் அந்த அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், என்னம்மா குரலே சரியில்லை என்று கேட்டாய், ஜலதோஷம் என்றேன். ஜலதோஷம் இல்லை. சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்திருக்கிறேன்.

புது ஜெனரேட்டர் வாங்கிவிட்டேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ அக்டோபரிலேயே சொன்ன அதே ரகம்தான், எஞ்சின் முழுவதும் பெட்டிக்குள் மூடியிருக்கும், வேலை குறைந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை. அன்றைக்கு எவ்வளவு படித்துப் பார்த்துச் சொன்னாய், ஏரிப் பனிமேல் போடும் உன் மீன்பிடிக் குடிசையில் ஹீட்டர் விசிறியும் இரண்டு விளக்கும் ரேடியோவும்தானே அம்மா, இரண்டாயிரம் வாட் தாராளம், ஏரிக்குத் தூக்கிக்கொண்டு போக லேசாகவும் இருக்கும் என்று. நான் கேட்டேனா? கட்டட வேலைக்காரர்கள் வைத்திருப்பார்களே, திறந்த இரும்புச் சட்டத்துக்குள் எஞ்சின் தெரிய, அதைத் தள்ளுபடியில் பார்த்ததும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் அப்பா போன பிறகு நானே தனியாகப் போய் வாங்கிய முதல் இயந்திரம் அது. அதனாலோ என்னவோ, யாராவது அதைக் குறை சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி இருந்தது.

சித்தப்பாவின் குடிசை உறைந்த ஏரியின் மேல் என்னுடையதிலிருந்து அறுபது தப்படி தள்ளித்தான் இருக்கிறது. முதல் நாளே வந்து கதவைத் தட்டி, "மார்லிஸ், ஜெனரேட்டர் ஓடுதா இல்ல ஏரிய உழுதுக்கிட்டிருக்கியா? அடியில இருக்கிற மீனெல்லாம் கனடாவுக்குக் குடிபோயிடும்" என்றார். "இந்த வயசுலயும் உனக்குக் காது கேக்குதேன்னு சந்தோஷப்படு" என்றேன். அதற்குப் பிறகு தினமும் தன் வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கத்துவார், காதைப் பொத்திக்கொண்டு ஆடிக் காட்டுவார். நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். சும்மா விளையாட்டாகத்தான் இருந்தது. ஜனவரி நடுவில் சர்ச்சில் காப்பி குடிக்கும்போது எல்லார் முன்னாலும், "ஹெர்ஷல் இருந்திருந்தா அந்தச் சனியன வாங்கவே விட்டிருக்க மாட்டான்" என்று உன் அப்பாவை இழுத்துச் சொல்லிவிட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து அவரிடம் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் உட்கார்ந்துகொண்டு ஒன்பது நாள் பேசவில்லை, இந்த வயதில்.

பத்தாவது நாள்தான் அது நடந்தது. மதியம் மூன்று மணி, பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. சித்தப்பா தன் குடிசையிலிருந்து என் பக்கம் நடந்து வந்திருக்கிறார், ஏரிப் பனிக்கட்டியில் பொடிப்பனி மூடிய வெடிப்பு ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை, வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. முழங்கால் முறுக்கிக்கொண்டது, காலை உருவவும் முடியவில்லை. ஏரிமேல் வண்டிகள் போகும் பனிச்சாலையைச் சுத்தம் செய்யும் ஆர்லன் தன் வண்டியில் வந்தவர் சித்தப்பாவின் சிவப்புத் தொப்பியைப் பார்த்து இறங்கி இழுத்துப் போட்டார், அதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. இதெல்லாம் உனக்குத் தெரியும், இரண்டு கால்விரல் எடுத்ததும், முழங்காலுக்குக் கம்பி வைத்ததும் தெரியும். என் குடிசைக்கு இருபது தப்படியில் கிடந்தார் என்பதும் தெரியும். ஊரில் எல்லாரும் ஜெனரேட்டரைத்தான் திட்டுகிறார்கள், அந்தச் சத்தத்தில் பாவம் மார்லிஸுக்கு எப்படிக் கேட்கும் என்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாதிரியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மேல் தப்பில்லை என்றார். நான் தலையாட்டினேன்.

கொரின், எனக்குக் கேட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் மார்லிஸ், மார்லிஸ் என்று இரண்டு தடவை தெளிவாகவே கேட்டது. ஆரம்பித்துவிட்டானா என்று நினைத்தேன். ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டுத் தூண்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் கூப்பிட்டிருப்பார், எனக்குக் கேட்கவில்லை, கேட்காமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதை நான்தான் செய்துவிட்டேனே. பழியை ஒரு இரும்புச் சட்டத்தின் தலையில் போட்டுவிட்டு இரண்டரை வாரமாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறேன். தூக்கம் என்று சொல்லக் கூடாது.

பழையதைக் கொட்டகையில் தள்ளிப் பூட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று ஜெனரேட்டர்களைக் காட்டி, ஒட்டியிருந்த சீட்டில் இது ஐம்பத்திரண்டு டெசிபல், இது ஐம்பத்தேழு என்று வாசித்தார். எனக்கு அந்த எண்ணெல்லாம் வேண்டாம், ஒவ்வொன்றாக ஓட்டுங்கள், விசிறி ஹீட்டரையும் அதில் மாட்டுங்கள், சும்மா ஓடும்போது எல்லாமே சாதுவாகத்தான் இருக்கும் என்றேன். பிறகு முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய் என் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். "ஏம்மா, கத்தணுமா, சாதாரணமாவா?" என்று கேட்டார். "கால் மாட்டிக்கிட்ட மனுஷன் எப்படிக் கூப்பிடுவானோ அப்படி" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது, சிறிய ஊர், விஷயம் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போய் மூன்று தடவையும் கூப்பிட்டார். மூன்றாவது ஜெனரேட்டர் ஓடும்போதுதான் என் பேர் முழுசாகக் கேட்டது. அதை வாங்கினேன். நாற்பத்தேழு பவுண்டு, தனியாகச் சறுக்குவண்டியில் ஏற்றிவிடுகிறேன்.

நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். காட்டரிசி சூப் கொண்டுபோயிருந்தேன். பெட்டியைச் சமையலறைத் தரையில் வைத்ததும் ஊன்றுகோலால் தட்டிப் பார்த்து, "அவ்வளவு மோசமில்ல" என்றார், அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்று உனக்குத் தெரியுமே. குளிருக்கு மெல்லிசான எண்ணெய் ஊற்று, எஞ்சினின் மூச்சுக்குழாய் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் பார், குளிருகிறதே என்று முன்னறைக்குள் கொண்டுவந்து வைத்துவிடாதே, வெளியே காற்றுப்போக்கில் வை, குடிசைக்குள் விஷவாயு அலாரம் மாட்டினாயா என்று வரிசையாகக் கேட்டார். என்மேல் இவ்வளவு அக்கறையாக அவர் பேசப் பேச அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அப்படியே போட்டு உடைத்துவிட்டேன். நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது டெல்மர், கேட்டும்தான் வரவில்லை என்றேன்.

அவர் சூப்பைக் கிண்டிக்கொண்டே, "தெரியும்" என்றார். "நான் கூப்பிட்டதும் ஜன்னல் திரைய இழுத்து மூடின. பாத்தேன்." கொரின், திரையை மூடியது எனக்கு ஞாபகமே இல்லை. அவர் சொன்ன பிறகுதான் என் கை போனது ஞாபகம் வந்தது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா மட்டும் விரல் முளைக்கவா போகுது?" என்றார். பிறகு, "அன்னிக்கு நான் உன்னத் திட்ட வரல மார்லிஸ். பனியில நான் போட்ட துளையில வாலாய் மீன் விடாம கடிச்சுக்கிட்டிருந்துச்சு. நீ காலைலேருந்து ஒண்ணும் புடிக்கலன்னு தோணுச்சு. கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாத்திரம் துடைக்கிற துண்டை எடுத்து என் பக்கம் போட்டார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்க எனக்கும் முகம் இல்லை. கிளம்பும்போது, செவ்வாய்க்கிழமை கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று மட்டும் கேட்டார். நேற்று போய் வந்தோம். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

வரும் ஞாயிறு சர்ச்சில் காப்பி நேரத்தில் மற்றவர்களிடமும் சொல்லப்போகிறேன். அது வேறு யார் வாயாலும் உன் காதுக்கு வரக் கூடாது என்றுதான் இன்றே எழுதி அனுப்புகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் கோபப்படு, சமாதானம் சொல்ல வேண்டாம். ஆனால் போன் செய்வதை மட்டும் நிறுத்திவிடாதே. கடவுள் உங்கள் இருவரையும் நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். கார் ஓட்டும்போது தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்திக்கொள்ளச் சொல் மாப்பிள்ளையிடம். சித்தப்பாவுக்கு ஒரு கடிதம் போடு, காலைப் பற்றிக் கேட்காதே, மீனைப் பற்றிக் கேள்.

இப்படிக்கு,
உன் குரலை எத்தனை சத்தத்திலும் அடையாளம் கண்டுகொள்ளும்,
ஆனால் தன் பேரைக் கேட்டும் எழுந்து போகாத
உன் அம்மா மார்லிஸ்