கம்பிக்கு அடியில் ஒரு தோல் துண்டு

1931 ஆகஸ்ட், ஞாயிறு இரவு

கிதாரின் தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டினால் மட்டும் இரைந்தது. விரல் வைத்து அழுத்தினால் இரைச்சல் இல்லை. நேற்று வேதக்கோயிலில் ஆராதனைக்குப் பாட்டுப் பழகும்போது கவனித்தேன். கிதாரைக் கொண்டுவந்த வேலூர் டீச்சரம்மா, கழுத்து வளைந்துவிட்டது, மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் எலும்புத் துண்டின் பள்ளம் தேய்ந்து ஆழமாகியிருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். தான் வேலை செய்யும், தோல் பதனிடும் கிடங்கிலிருந்து கொண்டுவந்த தோலை நகம்போல மெல்லியதாகச் சீவிக் கொடுத்தார். இன்று காலை யாரும் வருமுன் அதைப் பள்ளத்தில் வைத்தேன். ஆராதனை முழுக்கக் கம்பி சுத்தமாகப் பேசியது.

பிறகு டீச்சரம்மா தோலைக் கண்டு எடுத்து முகர்ந்தார்.

"இன்னா இது, இப்படி நாறுது? யார் வெச்சது?"

"நான்தாங்கம்மா."

"கெட்டிக்காரிதான். உங்கப்பா தோல் கிடங்குலயா வேலை செய்றாரு?"

அவரோடு வந்த வேலூர்ப் பெண்கள் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள்.

"இல்லீங்கம்மா. மளிகைக் கடை வெச்சிருக்காரு."

அப்பா வாசலில் நின்றிருந்தார். கம்பி எப்படிப் பேசுகிறது என்று கேட்க வந்தவர். இதையும் கேட்டுவிட்டார். என்னைக் கூப்பிடாமல் முன்னால் நடந்தார்.

சாப்பிடும்போது, "இரைச்சல் போய்டுச்சா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். போய்விட்டது என்றேன். அவர் தட்டில் ரசம் ஊற்றினேன். போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினார். தோல் பதனிடும் பட்டையின் சாயம் ஏறிய அந்தக் கையைப் பார்க்க முடியாமல் இன்னும் ஊற்றினேன்.