பச்சை ரப்பர் தவளை

ஐப்பசி, ஞாயிறு இரவு.

காலையிலிருந்து கரிவலம் குளத்தில் தூண்டிலில் ரப்பர் இரைகளை மாற்றி மாற்றி மாட்டி வீசினேன். வெள்ளைத் தவளை, கறுப்புத் தவளை, வாலாட்டும் புழு. ஒரு விரால்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட வந்திருந்த மச்சினன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"பிளாஸ்டிக்கப் போயி எந்த மீன் அத்தான் கடிக்கும்?"

சுருக்கென்றது. அப்போதுதான் தாமரை ஓரத்தில் சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போவதைப் பார்த்தேன். அடியில் தாய் விரால் காவல் நிற்கும். பசியே இல்லாவிட்டாலும், குஞ்சுகளின் பக்கம் எது வந்தாலும் பாய்ந்து அடிக்கும். குஞ்சோடு நிற்கிற விராலைப் பிடிக்கக் கூடாது என்று ஊரெல்லாம் பேசுகிறவன் நான். பச்சைத் தவளையை மாட்டிக் குஞ்சுகளின் நடுவிலேயே போட்டேன். விழுந்ததும் அடித்தது.

கரைக்கு வந்த பிறகாவது விட்டிருக்கலாம். அவன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப பச்சையிலதான் விசயம் இருக்கு, என்ன அத்தான்?"

"ஆமாலே. மேகம் மூடுனா பச்சைதான் எடுக்கும்" என்றேன். வாய் கூசவே இல்லை.

ராத்திரி குழம்பை ருசித்துச் சாப்பிட்டோம். நானும்தான்.

இப்போது அவனிடமிருந்து மெசேஜ். "பச்சை ஆர்டர் போட்டுட்டேன் அத்தான். அடுத்த ஞாயிறும் அதே தாமரை ஓரம் போவோம்."

அங்கே இனி எந்தக் கலரைப் போட்டாலும் பாய்ந்து வர ஆள் இல்லை. குஞ்சுகள் மட்டும் மேலே வந்து போகும், அதுவும் மிச்சம் இருந்தால்.

"சரிலே" என்று பதில் போட்டுவிட்டேன்.