முனீஸ்வரனுக்கு வைத்த ஒயின்

கூட்டேரிப்பட்டு,
வியாழக்கிழமை.

அன்பு மகள் தமிழ்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். மல்லாட்டை பிடுங்கிக் கடலையைக் காயப்போட்டாகிவிட்டது. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெரியப்பா பேசியதைக் கேட்டு, நாசிக் ஓட்டலில் ஒயின் ருசி பார்த்துப் பரிமாறுகிற வேலையை விடப்போவதாக அப்பாவிடம் சொன்னாயாம். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. ஒயின் ஊற்றிக் கொடுக்கிறவள் முனீஸ்வரன் படையலுக்கு வந்தால் பங்காளிகள் யாரும் கை நனைக்க மாட்டார்கள் என்றாராமே. மெயின்ரோட்டு பிராந்திக் கடையிலிருந்து அவரை எத்தனை முறை உன் அப்பா வண்டியில் தூக்கிப் போட்டு வந்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. நீ ருசி பார்த்துத் துப்புகிறாய், அவர் விழுங்குகிறார். கெட்ட பெயர் மட்டும் உனக்கா?

போன ஞாயிறு படையல் முடிந்தது. நீ வரவில்லை. நீ பொங்கலுக்குக் கொண்டுவந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்த சிவப்பு ஒயினாவது வரட்டும் என்று, முந்தானையில் மறைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே போனேன். இலையில் வறுத்த கறி, அவித்த முட்டை, சுருட்டு, பிராந்தி பாட்டில் எல்லாம் இருந்தன. பிராந்திக்குப் பக்கத்தில் இதை வைத்தேன். கார்க்கைத் திறக்கத் தெரியாமல் ஸ்க்ரூடிரைவரால் உள்ளே தள்ளி, முனீஸ்வரன் முன்னால் கொஞ்சம் ஊற்றினேன்.

பெரியப்பா எழுந்து வந்து அதை எடு என்றார். உன் பாட்டில் சாமிக்கு ஆகாதாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை, உனக்கே தெரியும். அன்றைக்குக் கேட்டுவிட்டேன். “நீங்க ஊத்தினா படையலு, எம்பொண்ணு ஊத்தினா குத்தமா மாமா? அவ கஷ்டப்பட்டு வேலை செஞ்சிக்கினு இருக்குறா. இதை எடுக்க மாட்டேன்.” பூசாரி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினார். பாட்டில் அங்கேயே இருந்தது.

படையல் கறியைப் பங்கு போட்டுப் பங்காளி வீடுகளுக்கெல்லாம் கொடுப்பார்கள் இல்லையா, இந்த முறை நம் வீட்டுக்கு வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு நெத்திலிக் கருவாட்டை வறுத்தேன். படையல் முடிந்து எடுத்து வந்த ஒயினில் கொஞ்சம் அப்பாவுக்கு ஊற்றினேன். எனக்கும்தான் ஊற்றிக்கொண்டேன். ஒரு வாய் கருவாடு, ஒரு வாய் ஒயின். துரு ஏறிய ஆணியை நக்கியதுபோல இருந்தது. இதற்குத்தானா நம் பெண் அவ்வளவு படித்தாள் என்று அப்பா கேட்டார். மீனோடு வேண்டாம், கொழுப்புள்ள கறியோடு குடிக்கணும் என்று நீ பொங்கலன்று சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை அப்பாவைத் திண்டிவனத்துக்கு அனுப்பி ஆட்டு நெஞ்சுக்கறி வாங்கி வரச் சொன்னேன். மிளகு இடித்துப் போட்டு வறுத்தேன். அடேயப்பா! வெறும் ஒயினில் நாவல்பழம் மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு, கொழுப்போடு சேர்ந்ததும் அடங்கிவிட்டது. கறியும் திகட்டவில்லை. விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மிளகு வாசனை தொண்டையில் நின்றது. காய்ந்த மிளகாய் ஒட்டியிருந்த துண்டைத் தின்றபோது மட்டும் வாய் இன்னும் அதிகமாக எரிந்தது. மிளகாய்க் காரத்துக்கு இது ஆகாது போலிருக்கிறது, சரிதானா? அப்பா இரண்டாம் முறை கறி போட்டுக்கொண்டார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவளை வேலையை விட வேண்டாம் என்று எழுது என்றார்.

பெரியப்பா வீட்டு வழியாகப் போனால் கதவைச் சாத்துகிறார்கள். சாத்தட்டும். எனக்கும் கதவு இருக்கிறது, நான் சாத்தப்போவதில்லை.

பாட்டிலில் கொஞ்சம் உனக்கென்று மூடி வைத்தேன், அது புளித்துவிட்டது. அதனால் அடுத்த படையலுக்கு நீயே வேறொன்று எடுத்துக்கொண்டு வா. கார்க்கைத் திறக்கிற கம்பியையும் மறக்காதே. நெஞ்சுக்கறி நான் வறுக்கிறேன். அத்தனை பேர் முன்னாலும் உன் கையால் ஊற்று, நான் பக்கத்தில் நிற்கிறேன்.

முனீஸ்வரன் உனக்குத் துணை இருப்பார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நான் இருக்கிறேன்.

உன் அம்மா,
கெங்கம்மாள்