எஸ்தர் அக்காவின் பால் டப்பா அளவு

அன்பு அக்கா,

1969 மார்ச் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பின் இருபத்தாறாம் நாள். ஞாயிறுகளைக் கழிக்கவில்லை, பசிக்கு ஞாயிறு தெரியாது என்று நீ கழிக்க மாட்டாய், அதனால் நானும் கழிக்கவில்லை. நேற்றுவரை உன் பிடியரிசிப் பானையில் நான் போட்டது நாலரைப் படிக்குக் கொஞ்சம் மேல். கோவிலில் ஆராதனைக்கு முதல் மணி அடிப்பதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் இல்லை. சபைப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி போகிறது. நான் செய்த தப்பை ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது, அதனால் திருத்தத்தையும் ஊர் கேட்கட்டும். உனக்குத் தெரிந்த சங்கதிகள் நடுவில் வந்தால் பொறுத்துக்கொள். உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள்.

அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ கோவில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நம் சபை வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவது எல்லோருக்கும் உள்ள வழக்கம். உனக்கு ஒரு பிடி போதவில்லை. லெந்து வந்தால், தெற்குத் தெருவில் ஒரு கூலிக்காரர் வீட்டில் ஒரு வாய்க்கு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுதான் நீயும் சாப்பிடுவாய். மிச்சமெல்லாம் பானைக்கு. பள்ளிக்கூடத்து மதியச் சோறு வாரநாளில்தான் உண்டு என்பதால் சனியும் ஞாயிறும் பிள்ளைகளுக்கு நீ கஞ்சி காய்ச்சினாய். ஆறு வருஷம்.

நவம்பரில் நீ போய்விட்டாய். பட்டினி கிடந்தே போனாள் என்று சித்தி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் டாக்டரிடமே போய்க் கேட்டேன். தண்ணீரால் வந்த காமாலை, அவ்வளவுதான். சித்தியிடம் சொன்னால் டாக்டருக்கு என்ன தெரியும் என்கிறாள்.

பானையை யார் பார்ப்பது என்று கோவிலில் கேட்டபோது நான் கை தூக்கினேன். சீர்காழி அரவை மில்லில் ஃபோர்மேன், டிப்ளமா படித்தவன், அரிசியைப் பற்றி எனக்குத் தெரியாததா? லெந்தின் முதல் நாள் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு ஆள் கூலி நெல்லை அரிசியாக்கி, ஐந்து வாய்க்குப் பங்கு வைத்து, வேலை கிடைக்காத நாளுக்கும் உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய்க்கும் கழித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ஆழாக்கு அரிசி வந்தது, எட்டு ஆழாக்கு ஒரு படி. பிறகு நீ அளக்கும் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். விளிம்பு நசுங்கிய பழைய பால் டப்பா. அதில் ஒரு ஆழாக்குத்தான் பிடித்தது.

சிரித்தேன் அக்கா. மூன்றில் ஒரு பங்கு பிசகு. நீ உயிரோடு இருந்தபோதும் இதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். "உனக்குக் கணக்கு வராது, நீயெல்லாம் எப்படி டீச்சர் ஆன?" என்று கேட்டால், "நீ வந்து அளந்து பாருடா" என்பாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சந்தையில் முத்திரை போட்ட புது ஆழாக்கு வாங்கினேன். உன் டப்பாவில் போல்ட்டும் நட்டும் போட்டு வைத்தேன்.

முதல் மூன்று நாள் பசியைவிடக் காபிதான் படுத்தியது. நான்காம் நாள் மில் எதிர் டீக்கடை வாசலில் நின்று மூக்கால் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் கடையில் புது முதலமைச்சர் படம் இன்னும் ஏறவில்லை. பழையவர் படத்துக்குத்தான் தினம் மாலை மாறுகிறது. நீ போன பிறகு அவரும் போய்விட்டார், உனக்குத் தெரியாதே. தேர்தலில் அவர் சொன்ன ரூபாய்க்குப் படி அரிசி என்ற பேச்சும் அந்தப் படத்துக்குக் கீழேயே நிற்கிறது.

காலையில் நீராகாரம், மதியம் கஞ்சியும் வாய்க்கால் கரைக் கீரையும், ராத்திரி மிச்சம். ஒரு நாள் வயல் நண்டு பிடிக்கலாம் என்று இறங்கினேன். நண்டுதான் என்னைப் பிடித்தது, கட்டைவிரலில் இன்னும் அடையாளம் இருக்கிறது. இரண்டாம் வாரம் உடம்பு பழகிவிட்டது. பெருமையும் ஏறிவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

இருபதாம் நாள் பெரிய பண்ணையின் ஏஜெண்டு நெல் லாரியோடு மில்லுக்கு வந்தார்.

"என்ன ஃபோர்மேன், கன்னம் ஒட்டிப்போச்சு? கல்யாணக் கவலையா?"

"கூலிக்காரங்க வீட்டுப் பங்குல சாப்பிடறேன். இன்னியோட இருபது நாள்."

"மயக்கம் கியக்கம் வரலியா?"

"வந்து பாருங்க" என்று மில் தராசில் ஏறி நின்றேன். இரண்டு கிலோதான் குறைந்திருந்தது.

"அடேயப்பா. இத ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன். எங்க ஆளுங்க வயிறு வயிறுன்னே பேசறாங்க. படிச்சவங்க சொன்னா கேப்பாங்க."

எழுதிக் கொடுத்தேன். அவரவர் வயிற்றைப் பற்றிப் புலம்புகிறவர்களுக்கு ஒரு தைரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன், சத்தியமாக. "மேற்படி அளவு உணவில், தினம் எட்டு மணி நேர வேலையுடன் இருபது நாள் கழித்தேன், குறைபாடு எதுவும் இல்லை." கீழே கையெழுத்து, அதன் கீழே என் டிப்ளமாவின் டி.எம்.இ. என்று மூன்று எழுத்து. என் கல்யாணப் பத்திரிகையில்கூட அவ்வளவு அழகாகப் போட மாட்டேன்.

இரண்டாம் போகமான தாளடி அறுப்பு நடக்கும் நேரம் அது. அறுத்துக் கட்டும் ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டுத் தெற்குத் தெரு ஆட்கள் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதையும் என் தாளையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. போன கிறிஸ்துமஸ் ராத்திரி கூலித் தகராறில் தெற்கே ஒரு ஊரில் குடிசை ஆட்களோடு எரிந்ததற்குப் பிறகு, ஒரு பிடி நெல்லுக்கு என்ன விலை என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அறுப்பு நின்றது. வரப்பில் செங்கொடி, ரோட்டில் போலீஸ் வேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தாசில்தார் முன்னால் பேச்சு என்று முடிவானது.

நேற்று சனிக்கிழமை. பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் கஞ்சிப்பானை கொதித்துக்கொண்டிருந்தது. அஞ்சலையக்கா வந்தார். உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் செல்வியின் அம்மா. நான்கு பெண்களும் கூட வந்திருந்தார்கள்.

"டீச்சர் தம்பி, பாத்தா சௌக்கியமாத்தான் இருக்கீங்க."

"இருக்கேன். ஏன்?"

"பண்ணையில ஒரு சீட்டு படிச்சாங்க. நீங்க சௌக்கியமா இருக்கீங்களாம். அதனால எங்களுக்கு அரைப்படி வேணாமாம்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "நான் எழுதுனது சாப்பாட்டப் பத்தி. கூலியப் பத்தி அதுல ஒரு வரி கிடையாது."

"சாப்பாடு எங்கேருந்து வருது, மழையிலயா? செவ்வாக்கிழம அந்தச் சீட்டத்தான் தாசில்தாருக்கு நீட்டப் போறாங்களாம். இஞ்சினீரே இந்தச் சாப்பாட்டுல இருக்காரு, உங்களுக்கு என்ன கேடுங்கறாங்க."

பக்கத்தில் நின்ற பெண் சொன்னார்: "விடு அஞ்சல. தம்பி மிஷின் படிச்சவரு. கொஞ்சம் எண்ணெய் விட்டாப் போதும், ஓடும்." எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. தப்பு என்று தெரியும்போது வராத கோபம், சரி என்று நினைக்கும்போது வந்துவிடுகிறது. "கணக்குல தப்பில்ல, அக்கா. மூணு ஆழாக்கு நெல்லு அரைச்சா ஒன்றரை ஆழாக்கு அரிசி. தினம் மில்லுல என் கண்ணால பாக்கறேன்."

"உங்க மில்லுக்கு எங்க நெல்லு என்னிக்கு வந்துச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், புதன்கிழமை சாயங்காலம் களத்தில் அளந்து கொடுத்த கூலி நெல்லை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்தார். என் உள்ளங்கையில் ஒரு பிடி கொட்டினார்.

மில்காரன் நெல்லைப் பார்ப்பது கண்ணால் இல்லை, பல்லால். காய்ந்த நெல் கடித்தால் டக்கென்று முறியும். இது நசுங்கியது. மூன்று நாள் கழித்தும் அவ்வளவு ஈரம். பிறகு ஊதினேன். கால் பிடி பறந்து போனது, பதர். மிச்சத்திலும் பால் பிடிக்காத கருக்காய். களத்தில் தூற்றுவதற்கு முன்பே ஓரத்தில் கிடப்பதை அளந்திருக்கிறார்கள். இப்படி ஒரு லாரி வந்தால் நான் இறக்கவே விடமாட்டேன், மில் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். பண்ணை ஏஜெண்டுக்கும் அது நன்றாகத் தெரியும். அதனால்தான் மில்லுக்கு வரும் நெல் வேறாக இருக்கிறது.

என் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, அக்கா. எடுத்துக்கொண்ட நெல்தான் வேறு. ஈரத்தையும் பதரையும் அரிசி என்று எண்ணியிருக்கிறேன்.

வாதாடுவதில் பிரயோஜனம் இல்லை, அளந்து பார்த்துவிடலாம் என்றேன். மூன்று ஆழாக்குக் கூலி நெல்லை அஞ்சலையக்கா முறத்தில் புடைத்தார். பள்ளிக்கூடத்து சிமெண்டுத் தரையில் மெல்லிசாகப் பரப்பி நாலு மணிவரை காயவைத்தேன். செல்வி காக்காய் ஓட்டினாள். பிறகு உரலில் குத்தினார்கள். உலக்கையை நானும் வாங்கினேன், பத்துக் குத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். அரிசி நொறுங்குகிறதாம்.

வந்த அரிசியைப் புது ஆழாக்கில் கொட்டினேன். ஒன்று நிறைந்தது. இரண்டாவது அளக்க அரிசி இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். உன் டப்பாவிலிருந்த போல்ட்டையெல்லாம் கொட்டி, கழுவி, துடைத்துக் கொண்டுவந்தேன். அதே அரிசியை அதில் கொட்டினேன். நசுங்கிய விளிம்புவரை சமமாக வந்து நின்றது.

அஞ்சலையக்கா டப்பாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "டீச்சர் மில்லு அரிசிய எங்கிட்ட குடுத்துட்டு எங்க கூலி நெல்ல வாங்கிட்டுப் போவும். ரெண்டு வருஷம் பொடைச்சு, குத்திப் பாத்துட்டுத்தான் இந்த டப்பாவ வச்சுக்கிச்சு. உங்களுக்குச் சொல்லலியா?"

ஏன் சொல்லவில்லை அக்கா? ஒரு வரிதானே. சொன்னால் கேட்கிற ஆளாக நான் இருந்தேனா? அது வேறு கேள்வி, அதற்குப் பதில் எனக்கே தெரியும். "அளந்து பாருடா" என்று ஆறு வருஷம் சொன்னாய். அதுதான் அந்த ஒரு வரி என்று நேற்று சாயங்காலம்தான் புரிந்தது.

ஐந்தரை மணிக்கு மில்லுக்குப் போய் முதலாளியிடம் செவ்வாய்க்கிழமை லீவு கேட்டேன்.

"எதுக்கு?"

"தாலுகா ஆபீசுக்கு. எழுதிக் குடுத்ததத் திருத்தணும்."

"அந்தப் பண்ண நெல்லு வரலேன்னா நம்ம மில்லு பாதி நாள் ஓடாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போறீங்க."

"தப்பான அளவு என் கையெழுத்தோட நிக்கக்கூடாது, முதலாளி."

"புதன்கிழம வர வேணாம்னு சொன்னா?"

"புதன்கிழம மூணாம் நம்பர் ஹல்லர் மிஷினுக்குப் பேரிங் மாத்தணும். என்னத் தவிர அதத் தொட்டவங்க யாரும் இல்ல."

அவர் விசிறிக்கொண்டார். வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். தொழில் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். தெற்குத் தெருவுக்கு அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை என் தாள் மட்டும் அந்த மேஜையில் இருந்தால், அடுத்த வருஷ அறுப்புவரை அவர்கள் வயிற்றுக்கு அதுதான் அளவு.

முதல் மணி அடித்துவிட்டது. உன்னைப் போல் ஜெபம் எழுத எனக்கு வராது. பட்டியல் வரும்.

1. இன்று கோவில் முடிந்ததும் வாசலில் நின்று இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நேற்றே பழகிவிட்டேன்.

2. நேற்றுவரை தினம் அரை ஆழாக்கு அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறேன். அந்த அரிசி இன்றைக்கே பானைக்குப் போகும்.

3. நாளை இன்னொரு தாள் எழுதுவேன். அதே கையெழுத்து, அதே மூன்று எழுத்து. இந்த முறை எந்த நெல், யார் புடைத்தது, எவ்வளவு நேரம் காய்ந்தது என்று எல்லாம் இருக்கும். அஞ்சலையக்காவும் கைநாட்டு வைக்கிறேன் என்றிருக்கிறார்.

4. செவ்வாய் பத்து மணிக்குத் தாசில்தார் மேஜையில் மில் நெல் ஒரு குவியல், கூலி நெல் ஒரு குவியல் வைப்பேன். பேச மாட்டேன். இரண்டிலும் ஒரு மணி எடுத்துக் கடித்துப் பார்க்கச் சொல்வேன். பிறகு ஏஜெண்டையும் கடிக்கச் சொல்வேன்.

5. ஈஸ்டருக்கு இன்னும் இருபது நாள் முழுசாக இருக்கிறது. உன் டப்பாவால் அளந்து சாப்பிடுவேன். அடுத்த லெந்திலும் அதே டப்பாதான், அதற்கடுத்ததிலும். விளிம்பை நிமிர்த்த மாட்டேன். புது ஆழாக்கில் இப்போது போல்ட் கிடக்கிறது.

அளந்து பார்த்துவிட்ட உன் தம்பி,
சாமுவேல்