உனக்கும் ஒரு வீடு இருந்தது

மச்சான்,

இன்று காலை புது டிரைவர் கதவைத் திறந்ததும் காருக்குள்ளிருந்து நீலகிரித் தைல வாசனை அடித்தது. அவருக்குச் சளியாம். நீ தினமும் நெற்றியில் தடவிக்கொள்ளும் அதே தைலம். முன் சீட்டில் உன் தலையைத் தேடினேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது, இன்னும் எனக்கு உறைக்கவில்லை. திருப்போரூர் தாண்டும்வரை அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பார். நீயும் முதல் வாரம் அப்படித்தானே நினைத்தாய்?

ஆறு வருஷம். செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கம்பெனி எனக்குக் கொடுத்த காரை நீ ஓட்டினாய். ஞாயிற்றுக்கிழமை ஒரே சபையில் உட்கார்ந்தோம், நான் முதல் வரிசையில், நீ கடைசியில். சனிக்கிழமை மாலை ஜெபக் கூட்டத்தை நடத்தியவன் நான். பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்ப்பது எப்படி என்று மைக்கைப் பிடித்து ஊருக்கெல்லாம் சொன்னவனும் நான்தான். நினைத்தால் இன்றைக்கும் முகம் சூடாகிறது.

அந்தச் சனிக்கிழமையை மறக்க முடியுமா? ஜெப விண்ணப்பப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். பெயர் எழுத வேண்டாம் என்பது நம் சபை வழக்கம். ஒரு சீட்டில், "இயேசப்பா, எங்க அப்பா எல்லாருக்காகவும் ஜெபம் பண்றார். எங்ககூட சாப்பிட மட்டும் வரமாட்டேங்கிறார். அவருக்கு லீவு குடுங்க" என்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குரலை உயர்த்தினேன். "ஆண்டவரே, யாரோ ஒரு தகப்பன் தன் பிள்ளையை ஏங்க விடுகிறான்! அவன் கண்ணைத் திறந்தருளும்!" சபையே ஆமென் என்றது. என் மனைவி மட்டும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உருகி ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை நீ காட்டை ஒட்டிய ரோட்டில் காரை ஓரம் கட்டினாய்.

"மச்சான், சனிக்கெழம ஒரு சீட்டு படிச்சியே, அது யாரு எழுதினதுன்னு தெரியுமா?"

"யாரோ. பாவம் அந்தப் புள்ள."

"உன் பொண்ணுடா."

"இன்னா ஒளர்ற?"

"கூட்டத்துக்கு முன்னாடி எங்கிட்ட வந்து பேப்பர் கேட்டா. பழைய ட்ரிப் ஷீட்ட கிழிச்சுக் குடுத்தேன். இன்னா எழுதினான்னு எனக்குத் தெரியாது. நீ கைல புடிச்சிகினு படிக்கிறப்ப பாக்குறேன், பின்பக்கம் உன் கையெழுத்து கீது. அப்பதான் புரிஞ்சுது."

தினமும் காரில் ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் எழுதி நான் கையெழுத்துப் போடும் தாள் அது. அதன் வெற்றுப் பக்கத்தில் என் மகள் என்னைப் பற்றி ஆண்டவரிடம் புகார் எழுதியிருக்கிறாள். நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பது வயது மகளின் எழுத்து எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் "ஏன்டா அப்பவே சொல்லல?" என்று உன்மேல்தான் எரிந்து விழுந்தேன்.

"ஜெபத்துக்கு நடுவுல பூந்து நிறுத்தச் சொல்றியா? போடா. இந்த சனிக்கெழம கூட்டத்த வேற எவனாவது நடத்தட்டும். புள்ளய கூட்டிகினு மகாபலிபுரம் போ."

குடும்பத்தோடு போனோம். கடற்கரையில் அவளுக்குச் சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, உங்களுக்கு எத்தனை மணிக்கு போன் வரும்?" என்றாள். போனை அணைத்து என் மனைவியின் பைக்குள் போட்டேன். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருபவளின் பெயர் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளை அவளுக்கே வைத்தேன். மற்ற நாட்களில் பழைய கதைதான்.

நீ போன அன்றைக்கும் அதே கதை. "பத்து நிமிஷம் மச்சான்" என்று போனில் சொன்னேன். ஐம்பது நிமிஷம் கழித்து ஆபீஸிலிருந்து இறங்கினேன். மூன்று முறை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. தூங்கிட்டான், இன்னிக்கு இருக்கு அவனுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினேன். நீ அசையவில்லை. மாரடைப்பு என்றார்கள். நாற்பத்து நாலு வயதில் மாரடைப்பா!

அடக்கத்தன்று உன் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "உங்க பொண்ணு எழுதின சீட்டப் பத்தி சொல்லி சொல்லி அழுவாருண்ணா. நம்ம வூட்ல மட்டும் இன்னாவாம்னு கேட்டா, மச்சான் எறங்கி வந்தாதான் நான் வர முடியும்னுவாரு. எங்க புள்ளயும் தட்ட வெச்சிகினு உக்காந்தே தூங்கிடும்" என்றாள்.

ஆறு வருஷத்தில் உன் வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று ஒரு நாளாவது கேட்டேனா? அப்படி ஒரு சீட்டை உன் மகளும் எழுதியிருக்கலாம், அதற்கும் காரணம் நானாகவே இருந்திருப்பேன். அடப்பாவி, என் மகளுக்காகக் காரை நிறுத்தியவன், உன் மகளுக்காக ஏன்டா வாயைத் திறக்கவில்லை?

இப்போது மீட்டிங் இருந்தாலும் மாலை ஐந்தரைக்கு ஆபீஸிலிருந்து கிளம்பிவிடுகிறேன். சனிக்கிழமை மாலையில் நாங்கள் மூவரும் உன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறோம். முதல் வாரமே உன் மகள் கேட்டாள்: "அங்கிள், எங்கப்பா கார்ல இன்னா பேசுவாரு?" உன் கிண்டல், லாரிக்காரர்களிடம் நீ போட்ட சண்டை, நீ கட்டிய கதைகள், எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. பெற்ற பிள்ளையிடம் இல்லை.

வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். போன வாரம், படாளத்தில் உன் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில் ஆடு உன் புதுச் சட்டையைத் தின்ற கதை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "இத்த ஏன் அப்பா எனக்குச் சொல்லல?" என்றாள்.

"அவன ஆபீஸ் வாசல்ல காக்க வெச்சது நான்தான்மா" என்றேன்.

உன் மகள் என்னையே பார்த்தாள்.

"அப்போ அடுத்த வாரமும் வரணும் நீங்க" என்றாள்.